மூன்று திங்கட்கிழமைகளும் அவர் வந்திருந்தார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்ற அலுவலக உதவியாளர்,
நோயாளி, கோப்பு எண் 4409,
தலை, கழுத்து அறுவைப் பிரிவு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: பேச இயலாத நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முறையை மாற்றவும், கோப்பு எண் 4417-இல் மூன்று நாட்களுக்கு எதிரே உள்ள "வரவில்லை" என்ற பதிவைத் திருத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த பிப்ரவரி மாதம் தங்கள் மருத்துவமனையில் எனக்குக் குரல்வளை அகற்றப்பட்டது. கழுத்தின் இடப்பக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இன்று உயிரோடு இருந்து இம்மனுவை என் கைப்பட எழுதுகிறேன். மருத்துவர்கள் மீதும் செவிலியர் மீதும் எனக்கு நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2. நான் முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை பார்த்தவன். ஒரு பெயரை மூன்று முறை கூப்பிடுவேன். பதில் வராவிட்டால் உள்ளே திரும்பித் தலையை ஆட்டுவேன். ஆஜராகவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். என் குரல் மதில் தாண்டிக் கேட்கும். கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடும்படி இரண்டு நீதிபதிகள் கேட்டுக்கொண்டும் எனக்கு அது கைவரவில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. பெயர் கூப்பிடும் வேலையின் நெளிவு சுளிவு தெரிந்தவன் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

3. அறுவைக்கு முன்பு பத்து நாட்கள் வார்டில் இருந்தேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்தான் கோப்பு எண் 4417. இருபத்தேழு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். வார்டில் எல்லோருக்கும் அவர் லாரிக்காரர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வெளியூரில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எங்கள் இருவருக்கும் சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்கள், தாடியை மழித்தார்கள், மூன்று பந்துள்ள ஒரு கருவியை வாயில் கொடுத்து மூச்சை உறிஞ்சிப் பழகச் சொன்னார்கள். எழுதும் கை எது என்று செவிலியர் கேட்டார். அறுவைக்குப் பின் எழுதித்தான் பேச வேண்டியிருக்கும் என்பதால், மறு கையில் ஊசி குத்துவார்களாம். லாரிக்காரர் இரண்டு கைகளையும் நீட்டி, "ரெண்டுமே ஸ்டியரிங் பிடிச்ச கைதாம்மா, எதுல வேணா குத்துங்க" என்றார். ஊர்ப் பலகைகளைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து அவருக்கு வராது.

4. பேச வேண்டியதையெல்லாம் இன்றே பேசிவிடுங்கள் என்று அறுவைக்கு முந்தைய நாள் காலையில் மருத்துவர் சொன்னார். நான் என் மனைவியிடம் பேசியது மனுவில் எழுதக் கூடியதல்ல. லாரிக்காரர் மகளைத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். அடுப்பை அணைத்தாயா என்று இரண்டு தடவை பார், பேருந்தில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார், கதவைத் தட்டினால் யாரென்று கேட்காமல் திறக்காதே. இப்படியே ஒரு மணி நேரம். முடிவில் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இனி மகள் போனில் கேட்பார். அப்பா விரலால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

5. அறுவைக்குப் பிறகு எங்கள் ஒவ்வொருவரின் கட்டிலிலும் ஒரு மணி கட்டியிருந்தார்கள். லாரிக்காரர் அதை ஹார்ன் போலச் சட்சட்டென்று இரண்டு முறை அடிப்பார். செவிலியர்கள் சிரித்துக்கொண்டே ஓடி வருவார்கள். கழுத்துத் துளையில் சளி அடைத்தாலும், மூக்குக் குழாயில் பால் இறங்காவிட்டாலும் அந்த மணிதான் எங்களுக்கு வாய். வீட்டுக்கு அனுப்பும்போது மணியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அடுத்தவருக்கு வேண்டுமே, அது நியாயம்தான். ஆனால் கட்டிலை விட்டு இறங்கிய எங்களுக்கு வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை.

6. புறநோயாளிப் பிரிவில் திங்கள்தோறும் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊழியர் கதவருகே நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுகிறார். "இருக்கேன்" என்று குரல் வராவிட்டால் "வரவில்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். குரல்வளை எடுக்கப்பட்டவர்கள் வரும் பிரிவில் இந்த முறை எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஜூலை 14 அன்று என் மனைவி மருந்து வாங்கப் போயிருந்தபோது என் பெயர் வந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து கதவை அடைவதற்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கை தட்டினேன். உட்காருங்கள், பெயர் கூப்பிடுவார்கள் என்றார் ஊழியர். மனைவி திரும்பி வந்து சண்டை போட்ட பிறகே உள்ளே போனேன். அன்று அவள் கேட்டதற்குக் கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன்: "பேச முடியலன்னா கையத் தூக்க வேண்டியதுதானே?"

7. ஐயா, தாங்கள் மருத்துவர், தாங்கள் அறியாததல்ல. கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளுக்குப் போகும் நரம்பு தளர்ந்துவிடுகிறது. சுவரில் விரல்களை நடக்கவைத்துக் கையை மேலே ஏற்றும் பயிற்சியைத் தங்கள் மருத்துவமனையில்தான் சொல்லித் தந்தார்கள். வார்டுச் சுவரில் எங்கள் விரல் எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறிப்பார்கள். லாரிக்காரருக்குக் கழுத்தின் இரு பக்கமும் எடுத்திருந்தார்கள். அவருடைய கோடுகள் தோளுக்கு மேல் ஏறவே இல்லை.

8. ஜூலை கடைசியில் லாரிக்காரரின் தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. அதைக் காட்டத்தான் ஆகஸ்ட் 4, 11, 18 ஆகிய மூன்று திங்கட்கிழமைகளும் வந்தார், தனியாக. மூன்று நாளும் கோப்பில் "வரவில்லை" என்று எழுதப்பட்டது. மூன்று முறை வராதவரின் கோப்பை மூடிவிடுவார்கள், அதன் பின் அது கூடத்துக்கு வராது என்பது விதி. பிறகு அவர் வந்து உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுவதற்கு அங்கே பெயரே இருந்திருக்காது. அக்டோபர் முதல் வாரத்தில் மகள் ஊரிலிருந்து வந்து அவரை அழைத்துவந்தபோது, கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, இனி கத்தி வைக்க இயலாது என்றார்கள். அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார். ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது.

9. ஒவ்வொரு திங்கள் மாலையும் மகள் போனில், "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஒரு முறை தட்டியிருக்கிறார். அக்டோபரில் அந்த மகளிடம் கோப்பைத் திறந்து காட்டி, மூன்று தடவை கூப்பிட்டும் உங்கள் அப்பா வரவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். துக்கம் கேட்கப் போன என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னது இது: "கடைசியில எங்கிட்டயே பொய் சொல்லிட்டாரும்மா." அவர் பொய் சொல்லவில்லை.

10. தங்கள் அலுவலகப் பதிவைக் கொண்டே இதை நிரூபிக்க முடியும். நுழைவுக் கவுண்டரில் அன்று காலை நோயாளி சீட்டுப் பதிந்தால்தான் அவருடைய கோப்பு பதிவறையிலிருந்து கூடத்துக்கு வருகிறது. கூடத்துக்கு வந்த கோப்பிலிருந்துதான் பெயர் கூப்பிடப்படுகிறது. வராதவருடைய பெயரை அந்த ஊழியர் எப்படிக் கூப்பிட்டிருக்க முடியும்? கூப்பிட்டுவிட்டு "வரவில்லை" என்று எழுதியிருப்பதே அவர் வந்ததற்குச் சாட்சி.

11. ஆகஸ்ட் 11-க்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அது நான். அன்று என் பெயரைக் கூப்பிட்டதும் மனைவி பதில் சொன்னாள். உள்ளே போனேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மகிழ்ச்சியோடு வெளியே வந்தபோது, கூடத்தின் மறுகோடியில் லாரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அசைத்தார். நலமா என்று கேட்கிறார் என நினைத்தேன். நானும் கையை அசைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிவிட்டேன். என் பக்கத்தில் குரலுள்ள ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவரிடம் போயிருந்தால் போதும். நீதிமன்ற வாசலில் மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிய நாட்களில், எனக்குப் பின்னால் இப்படி எத்தனை பேர் கையசைத்தார்களோ என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

12. ஆகையால், குரலற்றவர்களின் கோப்பில் அட்டையின் மேலேயே அது தெரியும்படி குறியிட்டு, ஊழியர் பெஞ்சுவரை நடந்துவந்து அழைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். ஊழியருக்குத் தண்டனை எதுவும் நான் கேட்கவில்லை. அதே வேலையை அப்படியேதான் நானும் செய்தேன். கோப்பு எண் 4417-இல் ஆகஸ்ட் 4, 11, 18 ஆகிய நாட்களுக்கு எதிரே "வந்திருந்தார்" என்று திருத்தி, தங்கள் கையொப்பமும் முத்திரையும் இட்டு, அதன் நகலை அவர் மகளுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இறந்தவருக்கு இனி எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு தாள் வேண்டும்.

13. விசாரணைக்கு எந்த நாள் குறித்தாலும் வருகிறேன். என் பெயரைக் கூப்பிட்டபின் ஊழியரை ஒரு நிமிடம் நின்று கூடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஐயா. நான் வந்திருப்பேன்.

இடம்: புறநோயாளிகள் காத்திருக்கும் கூடம்
நாள்: நவம்பர் 17, திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கோப்பு எண் 4409