பேரு கேக்காத கோயில்

மாமா,

நீயும் ஒன்கூட கீறவளும் நல்லா கீறீங்கனு நெனைக்கிறேன்.

போன ஞாயித்துக்கெழம பக்கத்து வூட்டு ராஜாத்தி, மீஞ்சூர் தாண்டி ஒரு கிராமத்து புத்தர் கோயிலுக்கு என்னிய இட்டுனு போனா. தேங்கா, கற்பூரம் வாங்கினு போனேன். அங்க அதெல்லாம் இல்லியாம். பேரு, நட்சத்திரம் கேக்க ஐயரும் இல்ல. எல்லாரும் கண்ண மூடிகினு குந்தினு இருந்தாங்க, நானும் குந்தினேன். தேங்கா கொழம்புக்கு ஆச்சி.

நீ போனதுலேர்ந்து திருவொத்தியூர் கோயில்ல வெள்ளிக்கெழம தவறாம ஒன் பேருக்கு தான் அர்ச்சன பண்றேன். புத்தர் கோயில்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல. வூட்டுக்கு வந்தப்புறம் தான் அது ஒறச்சிது. அழுவ வரும்னு பாத்தேன். பசிச்சிது. இது தப்பா, ரைட்டா, ஒண்ணும் புரியல.

வர்ற வெள்ளிக்கெழம ஐயரு கேப்பாரு. ஒன் பேர சொல்லவா, வாணாவா?

இப்படிக்கு,
ரேஷன் கார்டுல இன்னும் ஒன் பொண்டாட்டி