ஒரு கைக்கு இரண்டு வார்த்தை

11 ஜூன் 2024, செவ்வாய்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இதுதான். நான் பார்க்கப் பழகிவிட்டேன். மகள் சிந்துஜாதான் என் கையைப் பார்க்காமலே சோற்றுத்தட்டை வாங்கிக்கொள்கிறாள்.

இன்று கம்பெனி ஏற்பாடு செய்த டாக்டரிடம் போனேன். விரலை மடக்கச் சொன்னார். மடக்க விரல் எங்கே? மிச்சத்தை மடக்கிக் காட்டினேன். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. நான் எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் நஷ்டஈட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

14 ஜூன், வெள்ளி

மேனேஜர் மதிவாணன் கூப்பிட்டுச் சொன்னார். "டாக்டர் மைனர்னு போட்டிருக்காரு செல்வி. சின்ன பாதிப்புதான். வலது கை நல்லாத்தான இருக்குது. நஷ்டஈடும் அதுக்குத் தகுந்தாப்புலதான் வரும்."

மைனர். எங்கள் தெருவில் கழுத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவனை மைனர் என்பார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது என் கைக்கும் அதே பேர்.

சின்ன பாதிப்பாம். துணி பிழிய முடியவில்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறேன். மீன் ஆய்ந்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. சிந்துஜாவுக்குத் தலை பின்னி எவ்வளவு நாளாச்சு. அவளே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள் — சின்னதுன்னு எவன் அளந்தான்? எந்தப் படியில அளந்தான்?

15 ஜூன்

ஆத்திரம் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை.

24 ஜூன், திங்கள்

சின்ன பாதிப்புதானே, வேலைக்குப் போகலாம் என்று காலை பஸ்ஸிலேயே சேதராப்பட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. மதிவாணனே கேட்டுக்கு வந்து இன்னொரு தாளை நீட்டினார். அதே டாக்டர், அதே கையெழுத்து. அன்ஃபிட். வேலைக்குத் தகுதி இல்லை.

"சார், சின்ன பாதிப்புன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது நஷ்டஈட்டுக்கும்மா. இது வேலைக்கு. ரெண்டும் வேற வேற."

சிரிக்காமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஒரே கை, ஒரே டாக்டர். காசு கொடுக்கும்போது கொஞ்சம்தான் போயிருக்கிறது. வேலை கொடுக்கும்போது மட்டும் எல்லாமே போய்விட்டது. என்னா நியாயம் இது? என்னை மனுசின்னு நெனச்சானுங்களா, பழைய இரும்புன்னு நெனச்சானுங்களா?

25 ஜூன்

"கேஸு கீஸுன்னு அலைய வேணாம். குடுக்கிறத வாங்கிக்கலாம்" என்கிறார் இவர். ஆட்டோ ஓட்டி அலுத்துப்போனவர். கோர்ட், ஆபீஸ் என்றாலே பயம். என்மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்த இரண்டு விரலைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

சாயங்காலம் கொளஞ்சியக்கா வந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அடுத்த மெஷின். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"நம்மள எல்லாம் யாரு மதிக்கிறா செல்வி. வாங்கிக்கினு கம்முனு இரு."

மதிவாணன் சொன்னதைவிட இதுதான் சுட்டது. அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

9 ஜூலை

தொழிலாளர் துறை ஆபீசில் மனு கொடுத்தேன். நானே எழுதினேன். வலது கை நல்லாத்தானே இருக்கிறது.

7 ஆகஸ்ட், புதன்

விசாரணை. ஆபீசர் ஒரு அம்மா. மதிவாணன் வக்கீலோடு வந்திருந்தார்.

"அவங்கள நாங்க ரொம்ப மதிக்கிறோம் மேடம். கம்பெனிக்கே சொத்து மாதிரி அவங்க." கூசாமல் சொல்கிறார்.

நான் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சொல்லிவிட்டேன். "சின்ன பாதிப்புன்னா எனக்கு வேலைய குடுக்கச் சொல்லுங்க. வேலைக்கே ஆவாதுன்னா அதுக்குத் தகுந்த நஷ்டஈட்ட குடுக்கச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு பொய்யி மேடம். எதுன்னு அவங்களே சொல்லட்டும்."

வக்கீல், "டெக்னிக்கலா பாத்தா..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும். எதுங்க பொய்யி?" என்றார் ஆபீசர் அம்மா.

வக்கீல் ஃபைலைப் புரட்டினார். அரசு டாக்டர்கள் குழு மறுபடியும் பார்க்கட்டும் என்று அந்த அம்மா எழுதினார்.

வெளியே வந்ததும் மதிவாணன், "நேரா என்கிட்ட வந்திருக்கலாமேம்மா" என்றார். அன்றைக்குக் கேட்டிலேயே என்னை நிறுத்தியது யாராம்?

22 ஆகஸ்ட், வியாழன்

கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரி. சிந்துஜா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். மூன்று டாக்டர்கள். முடிச்சுப் போடச் சொன்னார்கள், பட்டன் மாட்டச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சொன்னபோது அது கை நழுவி மேசைக்கடியில் உருண்டது. இடது கையால் பிடித்துத் திறக்க மறுபடி மறுபடி முயன்றேன். முடியவில்லை. முடியாது என்று காட்டத்தானே வந்தேன், ஆனால் அழுகை வந்துவிட்டது.

பெண் டாக்டர் ஒருவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "வீட்ல என்னென்ன செய்ய முடியல, சொல்லுங்க" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். தலை பின்ன முடியாததையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சிந்துஜா என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

20 செப்டம்பர், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. மைனர் என்ற வார்த்தை போயிற்று. கையின் பிடிமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று குழு எழுதியிருக்கிறது. நஷ்டஈட்டை அதன்படி போட வேண்டும், பேக்கிங் பிரிவில் வேலையும் தர வேண்டும். கம்பெனி ஒத்துக்கொண்டது.

சந்தோஷப்பட வேண்டும்தான். ஆனால் அந்த டாக்டர் இன்றைக்கும் யாருக்காவது அதே வார்த்தையை எழுதிக்கொண்டுதான் இருப்பார்.

13 அக்டோபர், ஞாயிறு

உழவர்கரைக்கு, எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்திருந்தார்கள். பெயின்ட் பிரிவு அமிர்தவல்லியும் இன்னும் இரண்டு பேரும். கூடவே கொளஞ்சியக்கா. இவர் பாய் விரித்துப் போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கப் போனார்.

அமிர்தவல்லி ஜாக்கெட் கையை ஏற்றிக் காட்டினாள். முழங்கை வரை வெந்து சுருங்கியிருந்தது. "இதுக்கு ஒண்ணுமில்லன்னு போட்டுட்டாங்கக்கா."

"அவங்க போட்டது கெடக்கட்டும். என்னென்ன செய்ய முடியல, அத சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல மனு எழுதினேன். ஒவ்வொருவராக எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கொளஞ்சியக்கா சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மற்றவர்கள் கிளம்பியதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். முந்தானையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினாள். ஒரு பக்கம் குழி விழுந்து கிடந்தது.

"பெல்ட்டு அறுந்து அடிச்சது. நீ வேலைக்கு வர்றதுக்கு முன்ன" என்றாள். "இந்தக் கைய தலைக்கு மேல தூக்க முடியாது செல்வி."

இவ்வளவு வருஷம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாது.

புதுத் தாள் எடுத்தேன்.