ஒன்பது டெசிபல்

மார்ச் 3
ஸ்பீக்கர் ஒன்று, கிராஸ்ஓவர் இரண்டு. கனத்த ஒலியை வூஃபருக்கும் கூரிய கீச்சொலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி அது. போன ஜூனில் வாங்கிய டிஜிட்டலில் லேப்டாப்பில் எண்ணைத் தட்டினால் போதும். நானே பற்றவைத்த அனலாக்கில் எதை மாற்றவும் சால்டரிங் கோலை எடுக்க வேண்டும். ஹாலில் ஒன்றுதான் இருக்கலாம் என்று என் கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். இருபது வருடமாக டப்பிங் கூடத்தில் மிக்சிங் செய்கிறேன். என் வீட்டுக்கு ஒரு பெட்டி தேர்ந்தெடுக்க வரவில்லை.

மார்ச் 7
அனலாக்கை மாட்டினேன். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். ஒரு தவறும் இல்லை. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பாடா, இன்னைக்குத்தான் காது குத்தாம இருக்கு" என்றார்.
குத்தியதா? எப்போதிலிருந்து?

மார்ச் 8
பார்க்காமலே இருந்திருக்கலாம். டிஜிட்டல் பெட்டி நான் செய்த மாற்றத்தையெல்லாம் தேதியோடு வைத்திருக்கிறது. ஜூனில் ட்வீட்டருக்குக் கூட்டியது பூஜ்யம். அப்புறம் இரண்டு. நான்கு. ஏழு. பிப்ரவரியில் ஒன்பது டெசிபல். தெளிவு போதவில்லை, போதவில்லை என்று ஏற்றியது பூராவும் நான்தான். ஸ்பீக்கர் மாறவில்லை. அப்படியென்றால் —

மார்ச் 9
அனலாக்கையே வைத்துக்கொள்ளலாம். அது எதையும் எழுதி வைக்காது.

மார்ச் 12
"அக்கா, 'ச' வர்ற இடமெல்லாம் சீறுதே" என்றார் டப்பிங் இயக்குநர், என் மிக்சிங்கைக் கேட்டுவிட்டு. ஹெட்போன் சரியில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். சோறு போடுவதே இந்தக் காதுதானே. இது போய்விட்டால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

மார்ச் 14
வீட்டில் அவரிடம் என் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நாலு மாசமாவே குத்துது. நீ ரசிச்சுக் கேக்கறியே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றார்.
"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீங்க!" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

மார்ச் 19
காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே இல்லை. ஆனால் வெளியே இருந்த பெண் எதையோ திருகிக்கொண்டேதான் இருந்தாள். அவள் கை அசையும்போதெல்லாம் அழுத்திவிடலாமா என்று விரல் துடித்தது. அழுத்தவில்லை.
"போனது திரும்பி வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார் டாக்டர்.

மார்ச் 24
இயக்குநரிடம் உண்மையைச் சொன்னேன். மிக்சிங் வேறொருத்திக்குப் போகிறது. எனக்கு இனி வசனங்களை வெட்டி ஒட்டும் வேலை. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 29
டிஜிட்டல்தான். அதில் இரண்டு அளவைச் சேமித்து வைக்கலாம். ஒன்றாம் பொத்தானில் பூஜ்யம், அவருக்கு. இரண்டில் ஒன்பது, எனக்கு. அது பத்தாகும் நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 2
வேலை முடிந்து கதவைத் திறந்தபோது ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பெட்டியைப் பார்த்தேன், இரண்டாம் பொத்தான். அவர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.