தம்பியின் கடிதங்கள்

சேரங்கோடு, வியாழன்.

வார்டு தேர்தலில் நிற்கும் என் மனைவி லெட்சுமிக்கு வெளிநாட்டுத் தொடர்பு இருப்பதாக, எதிர்த்து நிற்பவர் மனு கொடுத்துவிட்டார். வெளிநாடு என்பது இலங்கையில், ஹட்டனில் தேயிலைத் தோட்ட வேலை செய்யும் அவள் தம்பிதான்.

யார் விசாரிப்பது என்பதுதான் தெரியவில்லை. போலீஸில் கேட்டால் தேர்தல் அதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். அவரோ உளவுப் பிரிவுதான் விசாரிக்க வேண்டும் என்றார். வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"யாராவது ஒருத்தர் விசாரிக்கட்டுங்க. இல்லாட்டி இந்தப் பேச்சு அப்படியே நிக்கும்," என்று லெட்சுமி தம்பியின் கடிதங்களைத் தேர்தல் அதிகாரியின் மேஜையில் வைத்தாள்.

அவர் ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"அக்கா, அங்கே கொழுந்துக்கு விலையே இல்லையாமே. வாரத்துக்கு மூணு நாள்தான் வேலையா? மச்சான் உனக்குத் தெரியாம வெளியே போய் இருமுறார்னு எழுதியிருந்தியே, இப்ப எப்படி இருக்கார்?"

அதற்கு மேல் அவர் மனதுக்குள்ளேயே படித்தார். பிறகு கடிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"யார் விசாரிக்கணும்னு மேலே எழுதிக் கேக்கறேன். நீங்க போய் ஓட்டுக் கேளுங்கம்மா."

பஸ் ஏறி வீடு வந்தோம். என் இருமல் அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை மாதமும் நினைத்திருந்தேன்.

இப்போது தூங்குகிறாள். இன்று இருமல் வந்தால் வெளியே போகப்போவதில்லை.