மார்செலாவின் பதினோராவது கவிதை

பார்க்டேல்
4 மார்ச் 2024

அன்புள்ள கோணேஸ்வரன் அண்ணைக்கு,

முழங்கால் நோ எப்பிடி? மார்செலாவின்ரை இருபது கவிதையையும் தமிழாக்கி அனுப்பியிருக்கிறன். எல் சல்வடோரிலை போராளிகளுக்காக எழுதினவ, இஞ்சை வந்து இருபது வருசம் என்னோடை ஒபிஸ் துடைச்சவ. மொப்பும் கையுமாய்ப் பழகின ஸ்பானிஷ்தான் எனக்கு. பிழையிருந்தால் ஏசாதேங்கோ. எண்பது வயசிலை தமிழிலை புத்தகம் வருதெண்டு அவவுக்குச் சரியான புளுகம், சிரிச்ச முகமாய்த்தான் இருக்கிறா.

அன்புடன்
பரிமளம்

ஸ்ரௌவ்வில்
19 மார்ச்

அன்புத் தங்கச்சி பரிமளம்,

கவிதைகள் நல்லாயிருக்கு. கால் நோ அப்பிடியேதான். ஒண்டு சொல்லவேணும். பதினோராவதை விடுவம். அவவின்ரை தம்பியைக் காட்டிக்குடுத்தவன் எண்டு அவவின்ரை தோழர்மாரே சுட்டதைப் பற்றினது. எங்கடை சனம் அதை எல் சல்வடோர் எண்டு வாசியாது. வெளியீட்டு விழாவிலை சத்தம் போடுவினம். பதிப்பிக்கிறவன் நான், எனக்கு இனிச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

கோணேஸ்வரன்

பார்க்டேல்
2 ஏப்ரல்

அண்ணை,

மார்செலாவிட்டைக் கேட்டன். "அந்த ஒண்டை எழுதத்தான் மற்றதெல்லாம் எழுதிப் பழகினன்" எண்டுபோட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா.

போனிலை எண்டால் கதைச்சு மாத்திப்போடுவியள், அதுதான் எழுதுறன். எண்பத்தாறிலை ஊரிலை இயக்கம் என்ரை அண்ணனைச் சுட்டு லைற் போஸ்ற்றிலை கட்டினது. அடுத்த கிழமை 'துரோகியின் தாய்க்கு' எண்டொரு கவிதை சந்திச் சுவரிலை. எழுதினவர் பேர் இல்லை. அம்மா நிண்டு முழுக்க வாசிச்சவ. உங்கடை கவிதையளை வாசிச்சுப் பழகின எனக்கு அது உங்கடை எழுத்தெண்டு அப்பவே தெரியும். பிறகும் உங்கடை வீட்டிலை சோறு சாப்பிட்டன். கோவத்தைச் சுமந்து களைச்சுப்போனன், அவ்வளவுதான். மன்னிச்சதெண்டு நினையாதேங்கோ.

பதினோராவது இல்லாட்டில் புத்தகம் வேண்டாம்.

பரிமளம்

ஸ்ரௌவ்வில்
30 ஏப்ரல்

பரிமளம்,

ஓம், நான்தான். இயக்கப் பெடியள் எழுதித் தா எண்டாங்கள், ஒரு பின்னேரத்திலை எழுதினன். உம்மடை அண்ணன் என்ன செய்தவர் எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை. சந்தம் சரியோ எண்டுதான் பாத்தன்.

இருபதும் அச்சுக்குப் போயிட்டுது. வெளியீட்டுக்கு ஹோலும் எடுத்தாச்சு. பதினோராவதை நீரே வாசியும். நான் வரமாட்டன். சனத்துக்குப் பயந்தில்லை. உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது.

கோணேஸ்வரன்

பார்க்டேல்
10 யூன்

கோணேஸ்வரனுக்கு,

நேற்று வாசிச்சன். நாலைஞ்சு பேர் எழும்பிப் போச்சினம். மற்றவை இருந்தவை. மார்செலாவுக்குத் தமிழ் விளங்காது. தம்பியின்ரை பேர் வந்த இடத்திலை மட்டும் தலை நிமிர்ந்தா.

மேடையாலை இறங்க முதல் என்ரை அண்ணன்ரை பேரையும் சொன்னன். நவரட்ணம் எண்டு. ஒருத்தரும் சத்தம் போடேல்லை.

பரிமளம்