அப்பா காதால் படித்த நாவல்

அன்புச் செல்லத்துக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம். அங்கே உன் உடம்பும் மனசும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய நாவல் பிடித்திருந்ததா என்று போனில் கேட்டபோதெல்லாம் ஏதேதோ சொல்லி மழுப்பினேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் கண் ஆபரேஷன் முடிந்தது என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன், அதன் பிறகு அவர் இருந்த இருப்பைச் சொல்லவில்லை, சொன்னால் நீ நர்ஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல், பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலமெல்லாம் லாரி ஓட்டின மனுஷன் நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் ஒரு ‘உம்’, சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஆகட்டும்’, அவ்வளவுதான் பேச்சு. மருந்துக்கடை வேலையில் நின்று வருகிறவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் என் நெஞ்சு வீட்டிலேயே கிடந்தது.

ஒரு மத்தியானம் மனசு தாங்காமல் உன் நாவலை எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். மலைப்பாதையில் விடுதி நடத்தும் அக்கா தங்கை கதைதானே, அந்தத் தங்கைக்காரி குறட்டை விடும் விருந்தாளியைக் கட்டிலோடு சேர்த்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து அப்பா எதற்குச் சிரிப்பு என்று அதட்டினார். உங்களுக்குப் புரியாது என்றேன், வேண்டுமென்றேதான். வந்ததே ரோஷம் அவருக்கு, படித்துக் காட்டு, புரிகிறதா இல்லையா என்று பார்க்கலாம் என்றார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு புத்தகத்தையும் தொடாத மனுஷன், நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த அக்கா என்ன ஆனாள் என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே தட்டில் இருப்பதைச் சுத்தமாகச் சாப்பிட்டும் விடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் நடந்த துரோகத்தைக் கேள். அப்பாவுக்குச் சவரம் செய்யத் தெருமுனை சலூன்காரர் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் கடையில் கரண்ட் போய் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார், சலூன்காரர் கத்தியை ஓரமாக வைத்துவிட்டு உன் நாவலை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் நான் நிறுத்தின இடத்தை எப்போதோ தாண்டி! அப்படியென்றால் இத்தனை நாளும் நான் படிக்கப் படிக்க, ஐயையோ, இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லையே என்று அவர் வாய் பிளந்ததெல்லாம் நடிப்பு. சலூன்காரரோ, எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா, அண்ணன்தான் கட்டாயப்படுத்தினார் என்று கையைக் காட்டிவிட்டார். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அந்த நுரை முகத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. மிச்சத்தை மூன்று பேருமாகத்தான் படித்து முடித்தோம். அக்கா விடுதியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனது சரிதான் என்றார் சலூன்காரர். கூடவே கூடாது, தங்கையைத் தனியாக விடலாமா என்று அப்பா நாற்காலிக் கையில் தட்டித் தட்டிச் சண்டை போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா.

போன வாரம் கண் கட்டை ஒரேயடியாக எடுத்தாயிற்று. டாக்டர் காட்டிய எழுத்துகளில் கடைசி வரி தவிர எல்லாவற்றையும் அப்பா கடகடவென்று சொன்னார், நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஆனால் வரும் வழியில் மனசின் ஓரத்தில் ஒரு சின்னக் குறை, இனி அவரே படித்துக்கொள்வார், நம் வாசிப்பு இத்தோடு சரி என்று. நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த அடுத்த நாவலை அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் பார்த்தார், பிறகு மூடி என் மடியில் வைத்தார்.

“எழுத்து பளிச்சுனு தெரியுது. ஆனா நானே படிச்சா எல்லாரும் என் குரல்லயே பேசுறாங்க. நீ படி” என்றார்.

வேறென்ன வேண்டும் எனக்கு, சொல். இப்போது உன் முறை, அடுத்து எதைப் படிக்கலாம் என்று எழுது. அப்பாவுக்குக் கதையில் ஒரு நெடும்பயணம் இருந்தாக வேண்டும், சலூன்காரருக்குப் புத்தகம் தலையணை மாதிரி தடியாக இருக்க வேண்டும், எனக்கு நடுநடுவே சிரிக்க வேண்டும். படிக்க நேரமே இல்லை என்று சொன்னாயே, உனக்காக ஒன்று அனுப்புகிறேன். ஒரு தீவில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிற பெண்ணைப் பற்றிய குட்டிக் குட்டிக் கதைகள், வேலைக்கு நடுவே டீ குடிக்கிற நேரத்துக்கு ஒன்று சரியாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் போனில் படிக்காதே, ஒரு கண் வைத்தியம் போதும் இந்தக் குடும்பத்துக்கு. வேளைக்குச் சாப்பிடு, முதுகுவலிக்குச் சொன்ன பயிற்சியை விடாதே.

நீண்ட ஆயுளோடு, நல்ல தூக்கத்தோடு, நல்ல மனுஷர்கள் சூழ நீ இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். படித்ததும் பிடித்ததா என்று மறக்காமல் எழுது. புதுக் கதையில் ஒருத்தியை நடு ஆற்றில் படகோடு நிறுத்திவிட்டு இதை எழுத வந்தேன், அவளைக் கரை சேர்க்கச் சொல்லி அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், போகிறேன்.

கையும் புத்தகமுமாக,
உன் அம்மா