ஆடியில் வந்த ஆறுமணிக்குருவி

சங்கரன்கோவில்
8.10.1983

அன்புள்ள அண்ணாச்சி,

சிவகிரியில் மழை உண்டா? இங்கே முருங்கைகூட வாடி நிற்கிறது.

போன வருஷம் நான் குளத்தில் பார்த்த செங்கால் நாரையை, நீங்கள் பார்த்ததாகப் பறவைச் சங்க இதழில் எழுதினீர்கள். கேட்டதற்கு, "யாரு பாத்தா என்னவே, நாரை ஒண்ணுதான?" என்று சிரித்தீர்கள்.

ஆடித்தபசு அன்று என் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி கூவியதாக உங்களுக்கு எழுதியிருந்தேன். அதையும் உங்கள் தோட்டத்தில் கூவவிட்டு அச்சில் ஏற்றிவிட்டீர்கள். ஐப்பசியில் வந்து சித்திரையில் போய்விடும் குருவி அது. ஆடியில் வராத குருவியை உங்களுக்கென்றே வரவழைத்தேன்.

இதழாசிரியருக்குச் சந்தேகமாம், என்னைக் கேட்டு எழுதியிருக்கிறார். நானும் கூட இருந்து பார்த்ததாகச் சொன்னீர்களாமே. இன்றே பதில் போட்டுவிட்டேன்: நான் பார்க்கவில்லை, அண்ணாச்சி ஒருவர்தான் பார்த்தார் என்று.

தங்கள் அன்புத் தம்பி